பொதுச்சொல்லும் அதன் காவலும்: துனீசிய அரசியல் யாப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

மனிதர்கள் கருத்தால் வேறுபட்டே வாழ்வர் என்பதை அல்குர்ஆன் மறைத்துப் பேசுவதில்லை. இறைவன் நாடியிருந்தால் மனிதர் அனைவரையும் ஒரே சமூகமாக ஆக்கியிருப்பான் என்றும், அவர்கள் தொடர்ந்து வேறுபட்டுக்கொண்டே இருப்பர் என்றும் அது கூறுகின்றது (11:118). எமது சட்ட மரபும் இவ்வுண்மையை ஏற்றே வளர்ந்தது. இமாம் மாலிக்கின் முவத்தாவைப் பேரரசு முழுவதற்குமான ஒரே சட்டநூலாக ஆக்க அப்பாஸிய கலீபா மன்ஸூர் விரும்பியபோது இமாம் அதற்கு இணங்கவில்லை. நபித்தோழர்கள் பல தேசங்களுக்கும் பரந்து சென்றனர்; அவரவர் கொண்டு சேர்த்த அறிவின் மீது அவ்வவ்வூர் மக்கள் நிலைபெற்றுவிட்டனர் என்பதே அவர் கூறிய காரணமாக அறிவிக்கப்படுகின்றது. இம்மரபின் தொடர்ச்சியாகவே நம் காலத்தில் தாஹா ஜாபிர் அல்அல்வானீயின் ‘அதபுல் இக்திலாஃப் பில் இஸ்லாம்’ போன்ற நூல்கள் தோன்றின.

இந்நூல்களை நாம் மதிக்கின்றோம். எனினும் அவற்றின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அறிஞர் இருவர் ஒரு மஸ்அலாவில் முரண்படும்போது, வாதத்தில் தோற்றவர் தம் கருத்துடனேயே வீடு திரும்பலாம். அவரது மாணவர்கள் அவரை விட்டுச் செல்லப் போவதில்லை. அவரது தொழுகையை யாரும் தடுக்கப் போவதில்லை. அரசதிகாரத்துக்கான போட்டியோ அவ்வாறானதன்று. தோற்றால் ஆட்சியை மாத்திரமன்றி விடுதலையையும், தொழிலையும், வாழ்க்கை முறையையும், சில வேளைகளில் உயிரையுமே இழக்க நேரிடும் என ஒவ்வொரு தரப்பும் நம்பத் தொடங்குமாயின், அங்கே கருத்து வேறுபாடு துருவமயமாதலாக உருமாறுகின்றது. எனவே துருவமயமாதலின் வேர் கொள்கைகளுக்கிடையிலான தூரத்தில் இல்லை. தோல்வி பற்றிய அச்சத்திலேயே உள்ளது. இவ்வச்சத்தைத் தணிக்காத எந்த ‘ஒற்றுமை’ அறைகூவலும் பயன் தராது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

இதனை ஆராய்வதற்குத் துனீசியாவின் 2014ஆம் ஆண்டு அரசியல் யாப்பு தக்க சான்றாக அமைகின்றது. 2014 ஜனவரி 26ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் 200 உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். 12 பேர் எதிர்த்தனர். நால்வர் நடுநிலை வகித்தனர். ஆறு மாதங்களுக்கு முன்னர் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றதாகக் கருதப்பட்ட ஒரு நாட்டில் எட்டப்பட்ட உடன்பாடு அது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அந்த யாப்பே இல்லாமற் போனது. இதனைப் பற்றி எம்மிடையே இரு விளக்கங்கள் நிலவுகின்றன. இஸ்லாமிய இயக்கம் தன் கொள்கையை விட்டுக்கொடுத்தமையால் வீழ்ந்தது என்பது ஒன்று. மதச்சார்பற்றோரும் பழைய ஆட்சியின் எச்சங்களும் செய்த சூழ்ச்சியே காரணம் என்பது மற்றொன்று. இரண்டுமே யாப்பு என்னும் பிரதியை வாசியாமலே சொல்லப்படுபவை. ஆகவே நாம் பிரதியிலிருந்து தொடங்குவோம்.

அச்சத்தின் வரலாறு

துனீசியாவின் இரு துருவங்களும் 2011இல் திடீரெனத் தோன்றியவை அல்ல. விடுதலை பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே ஹபீப் பூர்கீபாவின் அரசு தனியாள் சட்டக் கோவையைப் பிரகடனம் செய்து பலதார மணத்தைத் தடைசெய்தது. 1981இல் வெளியான ஓர் அரச சுற்றறிக்கை பொது நிறுவனங்களில் பெண்கள் ஹிஜாப் அணிவதைத் தடுத்தது. 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்நஹ்ழா இயக்கம் சுயேச்சை வேட்பாளர்கள் வாயிலாகத் தன் செல்வாக்கைக் காட்டிய பின்னர், பின் அலீயின் ஆட்சி அதனை வேரறுக்க முனைந்தது. ராஷித் அல்கன்னூஷீ இருபதாண்டுகளுக்கும் மேலாக நாடு கடந்து வாழ்ந்தார். பிற்காலத்தில் பிரதமர்களாகப் பதவியேற்ற ஹமாதீ ஜபாலீயும் அலீ லஅரீழும் பத்தாண்டுகளுக்கும் அதிகமான காலத்தைச் சிறையில் கழித்தவர்கள். தோற்றால் என்ன நேரும் என்பதை இவர்கள் நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

மறுதரப்பின் அச்சத்தை நாம் இத்துணை பரிவுடன் விளங்கிக்கொள்ள முயன்றதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் கற்று, தொழில் புரிந்து, மணவிலக்கில் நீதிமன்றத்தின் பாதுகாப்பைப் பெற்ற இரண்டு தலைமுறைப் பெண்கள் அந்நாட்டில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்களே. 2011 அக்டோபர் 23ஆம் நாள் தேர்தலில் 217 இடங்களுள் 89ஐ அந்நஹ்ழா வென்றபோது, தம் வாழ்க்கை வாக்குப்பெட்டியில் தோற்றுவிட்டதென அவர்களுள் பலர் உணர்ந்தனர். அவ்வுணர்வை ‘மேற்கத்திய மயக்கம்’ என ஒதுக்குவது எளிது. ஆனால், ஒரு தரப்பின் அச்சத்தைச் சிறையினால் அளந்து, மறுதரப்பின் அச்சத்தைப் பரிகாசத்தினால் அளப்பது நீதியாகாது.

ஒரு விகுதியின் இரு வாசிப்பு

யாப்பின் முதலாவது உறுப்புரை புதிதாக எழுதப்பட்டதன்று. 1959ஆம் ஆண்டு யாப்பிலிருந்து எடுத்தாளப்பட்டது. துனீசியா சுதந்திரமும் இறைமையும் உள்ள நாடு, அதன் மார்க்கம் இஸ்லாம், அதன் மொழி அரபு, அதன் ஆட்சிமுறை குடியரசு என்பது அதன் சாரம். அரபு மூலத்தில் ‘அதன்’ எனப் பொருள்படும் விகுதி எதனைச் சுட்டுகின்றது என்பதே நயமான கேள்வி. ‘தூனிஸ்’ என்னும் நாட்டுப் பெயரும் ‘தவ்லா’ என்னும் அரசைக் குறிக்கும் சொல்லும் இரண்டுமே பெண்பாற் சொற்கள். ஆதலால் விகுதி எதற்கும் பொருந்தும். நாட்டைச் சுட்டுமாயின், மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்னும் செய்தியாக அது அமைகின்றது. அரசைச் சுட்டுமாயின், அரசுக்கு ஒரு மார்க்கம் உண்டு என்னும் சட்ட விதியாக மாறுகின்றது.

2012இன் தொடக்கத்தில் ஷரீஅத்தை யாப்பில் சட்டமூலாதாரமாகக் குறிப்பிட வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் அந்நஹ்ழா அக்கோரிக்கையை வலியுறுத்தப் போவதில்லை என அறிவித்துப் பழைய முதலாம் உறுப்புரையே போதும் என்றது. அதனை அடுத்து வந்த இரண்டாம் உறுப்புரை, குடியுரிமை, மக்களின் விருப்பம், சட்டத்தின் மேலாண்மை ஆகியவற்றின் மீதமைந்த ‘சிவில் அரசு’ எனத் துனீசியாவை வரையறுத்தது. இவ்விரண்டையும் திருத்தவியலாது என்றும் யாப்பு விதித்தது. ஒன்றையொன்று விழுங்காதபடி இரு வாசகங்கள் அருகருகே வைக்கப்பட்டன.

இதனை மழுப்பல் என்று கூறுவோர் உளர். மழுப்பல் பொருளை மறைக்கின்றது. இங்கோ இரு பொருள்களும் அனைவருக்கும் தெரிந்தே இருந்தன. ஒரு வாக்கியத்தின் கீழ் இரு தரப்பாரும் தத்தம் மனச்சாட்சியுடன் கையொப்பமிட முடிந்தது. ஒரு சொல் பல பொருள்களை ஏற்பதையும், அவற்றுள் ஒன்றைத் தேர்வது இஜ்திஹாதுக்கு உரியது என்பதையும் உஸூலுல் ஃபிக்ஹில் பயின்ற நமக்கு இது அந்நியமானதாகத் தோன்றக்கூடாது.

எல்லா இடத்திலும் இவ்வுத்தி பலிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 2012 ஆகஸ்டில் வெளியான வரைவு, குடும்பத்தினுள் பெண்ணை ஆணுக்கு நிறைவளிப்பவள் என்னும் பொருளில் குறிப்பிட்டது. தனியாள் சட்டக் கோவையின் ஆண்டு நாளான ஆகஸ்ட் 13இல் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். அவ்வாசகம் பின்னர் நீக்கப்பட்டது. பெண்ணின் ஈட்டிய உரிமைகளை அரசு காக்கும் என 46ஆம் உறுப்புரை உறுதியளித்தது. இங்கே இரட்டைப் பொருள் ஏன் செல்லவில்லை? முதலாம் உறுப்புரையின் இரு வாசிப்புகளும் எவருடைய அன்றாட உரிமையையும் பறிக்கவில்லை. இவ்வாசகத்தின் ஒரு வாசிப்போ ஒரு பாலாரின் உரிமையைக் குறைக்க இடமளித்தது. இருபொருள்படும் சொல், இரண்டு பொருளிலும் பலவீனருக்குத் தீங்கற்றதாக இருந்தால் மாத்திரமே பொதுச்சொல்லாக அமையும் எனலாம்.

பேச்சுமேசையும் ஆறாம் உறுப்புரையும்

2013 பெப்ரவரி 6ஆம் நாள் இடதுசாரித் தலைவர் ஷுக்ரீ பில்ஈத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25ஆம் நாள் சபை உறுப்பினர் முஹம்மத் பிராஹிமீயும் அவ்வாறே கொல்லப்பட்டார். அதே மாத முற்பகுதியில் எகிப்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது. பார்தோ சதுக்கத்தில் எதிர்ப்பாளர்கள் திரண்டனர். சபையின் பணிகள் ஆகஸ்டில் நிறுத்தப்பட்டன. அவ்வேளையில் பொதுத் தொழிற்சங்கம், முதலாளிமார் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் இணைந்து தரப்புகளைப் பேச்சுமேசைக்கு அழைத்தன. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் ஒரே அழைப்பில் கையொப்பமிட்டதே ஒரு பாடமாகும். அக்டோபர் 5ஆம் நாள் செயற்றிட்டம் கைச்சாத்தானது. தேர்தலில் வென்ற அரசு, யாப்பு நிறைவெய்துவதற்கு இணையாகப் பதவி விலக இசைந்து, 2014 ஜனவரியில் விலகியும் விட்டது. இந்நால்வர் அணிக்கு 2015ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

இந்நெருக்கடியின் தழும்புகள் அனைத்தையும் ஆறாம் உறுப்புரையில் காணலாம். அரசு மார்க்கத்தின் ‘ராஇயா’, அதாவது பேணுநர் என்று அது தொடங்குகின்றது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர் என்னும் நபிமொழியில் வரும் சொல்லின் வேரே இது. உடனடுத்து, நம்பிக்கைக்கும் மனச்சாட்சிக்கும் உரிய சுதந்திரத்தை அது உறுதிப்படுத்துகின்றது. பள்ளிவாசல்களைக் கட்சி நலனுக்குப் பயன்படுத்தலாகாது என்கின்றது. புனிதமானவற்றைக் காக்கவும் அவற்றின் மீதான இழிவைத் தடுக்கவும் அரசைக் கடமைப்படுத்துகின்றது. இறுதியாக, தக்ஃபீர் செய்யும் அழைப்புகளைத் தடுக்குமாறும் கட்டளையிடுகின்றது. இவ்விறுதிப் பகுதி, வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த 2014 ஜனவரியிலேயே சேர்க்கப்பட்டது. ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரை இஸ்லாத்தின் பகைவர் எனப் பொருள்படப் பேச, பின்னவர் கொலை மிரட்டலுக்கு உள்ளானதே காரணம்.

சட்ட வல்லுநர் நோக்கில் இவ்வுறுப்புரை குறைபாடுடையது. புனிதத்தை இழிவுபடுத்துவதும் மனச்சாட்சியின் சுதந்திரமும் மோதும்போது எது மேலானது என அது கூறவில்லை. எனினும் ஒரு பிரதி என்ற வகையில் அது நேர்மையானது. ஒவ்வொரு வாசகமும் ஒரு தரப்பின் அச்சத்துக்கு அளிக்கப்பட்ட உத்தரவாதமாகும். மார்க்கம் மீண்டும் ஒடுக்கப்படும் என அஞ்சியோருக்கு ஒன்று; மார்க்கத்தின் பெயரால் ஒடுக்கப்படுவோம் என அஞ்சியோருக்கு மற்றொன்று. அவற்றுக்கிடையிலான மோதலைத் தீர்க்கும் பணியை யாப்பு ஒரு நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. அந்நீதிமன்றம் பற்றிப் பின்னர் பேசுவோம்.

ஹுதைபிய்யா தரும் ஒளி

‘ஷரீஅத்’ என்னும் சொல்லை யாப்பில் எழுதாமல் விட்டமை கொள்கைத் துரோகம் எனக் கூறுவோருக்கு ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கையை நினைவூட்ட விரும்புகின்றோம். குறைஷியரின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர், ‘ரஹ்மான்’ என்னும் திருநாமம் எழுதப்படுவதை மறுத்தார். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்னும் தொடரையும் மறுத்தார். அலீ (ரழி) அவர்களின் கை அதனை அழிக்க மறுத்தபோது நபி (ஸல்) அவர்களே அதனை அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என எழுதச் செய்தார்கள். தூதுத்துவத்தைவிட மேலான கொள்கை எது? அச்சொல் தாளில் இடம்பெறாமையால் அவ்வுண்மைக்கு எக்குறையும் நேரவில்லை. இருவருக்கும் பொதுவான தாளில் இருவரும் ஏற்கும் சொல்லே இடம்பெறலாம் என்பதே அங்கு நிலைநாட்டப்பட்டது.

அந்நிகழ்வின் மறுபக்கத்தை நாம் குறைவாகவே பேசுகின்றோம். உடன்படிக்கையின் கடுமையான எதிர்ப்பு தம்மவரிடமிருந்தே எழுந்தது. மார்க்கத்தில் நாம் ஏன் தாழ்வை ஏற்க வேண்டும் என உமர் (ரழி) வினவினார்கள். பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு கூறப்பட்டபோது தோழர்களில் எவரும் எழவில்லை. நபியவர்கள் யாரிடமும் பேசாது தாமே முன்சென்று அதனைச் செய்யட்டும் என்று உம்மு ஸலமா (ரழி) ஆலோசனை கூறினார்கள், அவ்வாறே செய்யப்பட்டது, அனைவரும் எழுந்தனர். பொதுத்தளத்தைத் தேடும் தலைமைக்கு எதிரியை இணங்கச் செய்வதைவிடத் தம்மவரை உடன் அழைத்துச் செல்வதே கடினமானது.

ஹுதைபிய்யா போரிட்ட இரு சமூகங்களிடையிலான உடன்படிக்கை. ஒரே நாட்டுக் குடிமக்களிடையிலான யாப்பு அன்று. ஆதலால் ஒப்புமையை நாம் அளவுடனேயே கொள்கின்றோம். ஆயினும் ஒன்று இரண்டுக்கும் பொருந்தும். குறைஷியர் சிலரின் துணையுடன் பனூ பக்ர் குலத்தார் குஸாஆ குலத்தாரைத் தாக்கியபோது, இரண்டாண்டுகளுக்குள் அவ்வுடன்படிக்கை முறிந்தது. மீறலைத் தீர்த்துவைக்கும் நடுவர் எவரும் அங்கில்லை.

காவலற்ற யாப்பு

துனீசிய யாப்பு தனக்கென ஒரு நடுவரை வகுத்தே இருந்தது. பன்னிருவர் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் பாராளுமன்றம், உயர் நீதிச் சபை, ஜனாதிபதி ஆகிய மூன்றும் நந்நான்கு பேரைத் தெரிவு செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து ஓராண்டுக்குள் அது அமைய வேண்டும். அத்தேர்தலில் பாஜி காயித் அஸ்ஸிப்ஸீயின் நிதா தூனிஸ் கட்சி 86 இடங்களையும் அந்நஹ்ழா 69 இடங்களையும் வென்றன. இருவரும் 2015இல் கூட்டாட்சி அமைத்தனர். நீதியாளர் ஒருவரைத் தெரிவு செய்யத் தேவையான வாக்குகள் 145. இவ்விரு கட்சிகளும் வென்ற இடங்களோ 155. எனினும் பாராளுமன்றம் தன் பங்கான நால்வருள் ஒருவரையே, அதுவும் 2018இல், தெரிவு செய்தது. நடுவர் தம் ஆளாக இருக்க வேண்டும் என ஒவ்வொரு தரப்பும் விரும்பியதால் நடுவரே இல்லாமற் போனார்.

இங்கேதான் எமது விமர்சனம் கூர்மையடைய வேண்டியுள்ளது. அக்கூட்டாட்சியைத் ‘தவாஃபுக்’, அதாவது இணக்கம் என உலகமே புகழ்ந்தது. ஆனால் இரு பெருங்கட்சிகளும் ஆட்சியில் அமர்ந்துவிட்டதால் எதிர்க்கட்சி என்பது பெயரளவிலேயே எஞ்சியது. பழைய ஆட்சியின் அதிகாரிகளுக்கு மன்னிப்பளிக்கும் சட்டம் 2017இல் நிறைவேறியது. ஸீதீ பூஸீதில் முஹம்மத் பூஅஸீஸீ தீக்குளிக்கக் காரணமான வேலையின்மையும் உள்நாட்டுப் பகுதிகளின் வறுமையும் அப்படியே இருந்தன. தலைவர்கள் ஒருவரையொருவர் மன்னித்தனர். மக்களின் முறைப்பாட்டை எடுத்துரைக்க மன்றத்தில் வலுவான குரல் இல்லை. ஜனநாயகம் முரண்பாட்டை அடக்கி வைப்பதால் வாழ்வதில்லை. அச்சமின்றி முரண்படச் செய்வதாலேயே வாழ்கின்றது. 2014இன் யாப்பு இதனை விளங்கியிருந்தது. 2015இன் கூட்டாட்சி அதனை மறந்தது.

மறந்ததன் விலை 2021 ஜூலை 25ஆம் நாள் கோரப்பட்டது. கட்சிகள் யாவும் ஒன்றே என்ற சலிப்பின் மீது 2019இல் பெருவெற்றி பெற்ற கைஸ் ஸஈத், யாப்பின் 80ஆம் உறுப்புரையைக் காட்டிப் பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார். அவ்வுறுப்புரையோ, பாராளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்றும், முப்பது நாட்களின் பின் அவசரநிலை தொடரலாமா என்பதை அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்றும் கூறியது. நீதிமன்றத்தை அமைப்பதற்கான திருத்தத்தில் அதே ஆண்டு ஏப்ரலில் அவர் கையொப்பமிட மறுத்திருந்தார். அன்றிரவு வீதிகளில் மக்கள் மகிழ்ந்து ஆரவாரித்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. 2022 ஜூலை 25ஆம் நாள், வாக்காளரில் ஏறக்குறைய 30 சதவீதத்தினரே பங்குபற்றிய பொதுவாக்கெடுப்பில் புதிய யாப்பு ஏற்கப்பட்டது.

அப்புதிய யாப்பின் ஐந்தாம் உறுப்புரையை எம் வாசகர்கள் கவனமாகப் படித்தல் நன்று. துனீசியா இஸ்லாமிய உம்மத்தின் ஒரு பகுதி என்றும், உயிர், மானம், செல்வம், மார்க்கம், சுதந்திரம் ஆகியவற்றைப் பேணுவதில் இஸ்லாத்தின் மகாஸிதை நிறைவேற்றுவது அரசின் கடமை என்றும் அது கூறுகின்றது. மேலோட்டமாக நோக்கின், அந்நஹ்ழா கேட்கத் துணியாததை இது வழங்கிவிட்டது. மகாஸிதில் சுதந்திரத்துக்கும் இடமளித்த தாஹிர் இப்னு ஆஷூரின் மண்ணில் இது பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் அங்கே ஒரு சொல் உண்டு: அரசு ‘மாத்திரமே’. மார்க்கத்தின் நோக்கங்களை விளக்கவும் நிறைவேற்றவும் அரசு ஒன்றுக்கே உரிமை எனின், அறிஞரும் இயக்கமும் பொதுமக்களும் அதில் பேச இடமில்லை. பழைய முதலாம் உறுப்புரை இரு வாசிப்புகளுக்கு இடமளித்தது. இது வாசகரையே ஒருவராகக் குறைத்துவிட்டது. அழகிய இஸ்லாமியச் சொற்களால் எழுதப்பட்டமையால் மாத்திரம் ஒரு பிரதி நீதியானதாகிவிடாது.

2023 ஏப்ரலில் ராஷித் அல்கன்னூஷீ கைது செய்யப்பட்டார். 2025 பெப்ரவரியில் அவருக்கு 22 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நஹ்ழாவின் மிகக் கடுமையான எதிரியாக விளங்கிய அபீர் மூஸீ 2023 அக்டோபரில் கைதானார். பாராளுமன்றத்தில் ஒருவருக்கொருவர் முகங்கொடுக்க மறுத்தவர்களை ஒரே அரசின் சிறைகள் ஏற்றுக்கொண்டன. தோற்றவரைக் காக்கும் சுவரை ஒருவர் இடிக்கும்போது அது தம் வீட்டுச் சுவரும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

எம்மை நோக்கிய கேள்வி

துனீசியாவின் கதை எமக்குத் தொலைவிலுள்ள ஒன்றன்று. சிறுபான்மையாக வாழும் நாம், எண்ணிக்கையால் எமது உரிமைகள் தீர்மானிக்கப்படலாகாது என்கின்றோம். பெரும்பான்மையின் வெற்றி எமது பள்ளிவாசலையும் பாடசாலையையும் உடையையும் தொடாதபடி யாப்பு காக்க வேண்டும் என்கின்றோம். இக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில் அதே உத்தரவாதம் மற்றவருக்கு அளிக்கப்பட்டபோது எம்முள் சிலர் அதனைத் துரோகம் என்றனர். எமது சங்கங்களிலும் நிர்வாக சபைகளிலும் தோற்ற தரப்பாருக்கு நாம் எவ்விடம் அளிக்கின்றோம் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

எமக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லின்பால் வருமாறு வேதத்தையுடையோரை அழைக்கும்படி அல்குர்ஆன் கட்டளையிடுகின்றது (3:64). அவ்வசனத்தில் வரும் ‘ஸவாஃ’ என்னும் சொல்லுக்கு நீதி, சமம் எனவும் முஃபஸ்ஸிர்கள் பொருள் கூறியுள்ளனர். எனவே பொதுச்சொல் என்பது எமக்கு உவப்பான சொல்லைப் பிறர் ஏற்பதன்று; இரு தரப்பும் ஒரே மட்டத்தில் நிற்கத்தக்க சொல்லாகும். அத்தகைய சொல்லைத் துனீசியர் ஒரு முறை எழுதினர். அதனைக் காக்கும் நடுவரை நியமிக்க அவர்கள் தவறினர். நாம் வாழும் இடங்களில் அச்சொல் எழுதப்பட்டுள்ளதா, அதற்குக் காவல் உண்டா, அக்காவலில் எமது பங்கு யாது என்பனவே இனி நாம் விவாதிக்க வேண்டியவை.